இரண்டு ஆசனத்திலும் ஒரே தூதர்

முன்னொரு காலத்தில், தகுதி என்றாலே மைத்துனன் என்று பொருள் கொள்ளப்பட்ட ஒரு நாட்டில், தூது இலாகா என்று ஒன்று இருந்தது. அதில் நாற்பது தூதர்கள். நாற்பது பேரும் இலாகாத் தலைவர் மங்கலராயருக்கு ஏதோ ஒரு வழியில் உறவு. அவர்களுக்குத் தலைப்பாகை கட்டத் தெரியும். பல்லக்கில் சாய்ந்து உட்காரத் தெரியும். விருந்தில் எந்தப் பந்திக்கு முதலில் நெய் வரும் என்று தெரியும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த அக்கரை நாட்டின் மொழி மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

ஆடி மாதம் அக்கரை அரசனின் தாயார் இறந்தார். துக்கம் கேட்க மங்கலராயரின் இளைய மருமகன் போனான். ஒரே ஒரு அக்கரை வாக்கியத்தை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போய், பாடைக்கு அருகில் நின்று கணீரென்று ஒப்பித்தான். அது பிள்ளை பிறந்த வீட்டில் சொல்லும் வாக்கியம். 'இந்த வீட்டில் இதுபோல் ஆண்டுதோறும் நடக்கட்டும்' என்பது அதன் பொருள்.

அன்றைக்கே அக்கரையார் ஆற்று மதகை அடைத்துவிட்டார்கள். அக்கரையின் தூதர் திம்மப்பர் இங்கே வந்து தங்கினார். தங்கள் மொழி பேசத் தெரிந்த ஒரு தூதரை எதிரே உட்கார வைத்தால் தண்ணீரைப் பற்றிப் பேசலாம், இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை புறப்பட்டுவிடுவேன், இந்த ஆண்டு மதகு திறக்காது என்று சொல்லியனுப்பினார். நாற்றங்காலில் நாற்றின் நுனி கருகத் தொடங்கியிருந்தது.

மன்னர் நாற்பது தூதர்களையும் வரிசையாக நிறுத்தி, உங்களில் யார் பேசுவீர்கள் என்று கேட்டார். நாற்பது பேரும் ஒருவர் முதுகுக்குப் பின் ஒருவர் ஒளிய, வரிசை வட்டமாகிவிட்டது. சபையில் விகடன் சாத்தப்பன் ஒருவன்தான் சிரித்தான். மன்னருக்கு ஓர் எண்ணம் உதித்தது. சிரித்தவனே ஆளைத் தேடட்டும் என்றார்.

"வெள்ளிக்கிழமைக்குள் நீ நியமிப்பவனே நம் தூதன். அவன் சொல் நம் சொல். முடியாவிட்டால் நீ இந்த நாட்டில் இருக்கக் கூடாது."

மங்கலராயர் எழுந்து, யாரை வேண்டுமானாலும் நியமிக்கட்டும், ஆனால் இலாகா விதியில் ஓர் எழுத்தும் மாறக் கூடாது என்று பணிவாகக் கேட்டுக்கொண்டார். மன்னர் அதற்கும் தலையாட்டிவிட்டார். பழைய ஏட்டை எடுத்து மங்கலராயரே படித்தார்: "அயல்நாட்டு அரசவைக்கு மும்முறையேனும் தூது சென்று திரும்பியவரே தூதர் பதவிக்கு உரியவர்." படித்து முடித்ததும் சாத்தப்பனைப் பார்த்துப் புன்னகைத்தார்.

சாத்தப்பனிடம் ஆள் இல்லாமல் இல்லை. மாட்டுத் தரகர் செவ்வந்தியப்பன் இருபது வருஷமாக வாரம் ஒருமுறை அக்கரைச் சந்தைக்குப் போய் வருகிறவர். அந்த மொழியில் பேசுவார், திட்டுவார், திட்டியவனையே சிரிக்கவும் வைப்பார். மறுநாள் அவரை இலாகாவுக்கு அழைத்துப் போனான். எத்தனை அரசவைக்குத் தூது போயிருக்கிறாய் என்று மங்கலராயர் கேட்டார். அரசவை இல்லீங்க, சந்தைதான் என்றார் தரகர். அப்படியானால் முன் அனுபவம் இல்லை என்று, சாத்தப்பன் எழுதிக் கொண்டுவந்த நியமன ஓலையைத் திருப்பித் தந்தார் ராயர்.

"போனாத்தானுங்க போனதா ஆகும்? போகவே விடலைன்னா அனுபவம் எங்கிருந்துங்க வரும், ஆத்துலயா மிதந்து வரும்?"

அது இலாகாவின் கவலை இல்லை என்று சொல்லிவிட்டு ராயர் வெற்றிலை போட்டுக்கொண்டார்.

அந்த ஏட்டை வாங்கிவந்து சாத்தப்பன் இரண்டு நாள் எழுத்தெழுத்தாகப் படித்தான். வெள்ளிக்கிழமை காலை, தரகரைச் சபையின் ஓரத்தில் நிற்க வைத்துவிட்டு, தான் நியமித்த தூதரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தான். வந்தவர் திம்மப்பர்.

"மன்னர் மன்னா, அக்கரையாருக்கு நம் அரசவை அயல்நாட்டு அரசவை. இவர் இங்கே பதினோரு முறை தூது வந்து திரும்பியிருக்கிறார். ராயருடைய விதிப்படி இந்த ஊரில் இவரைவிடத் தகுதியானவர் இல்லை. அக்கரை மொழியும் நன்றாக வரும், தாய்மொழி."

திம்மப்பர் ஆனந்தமாக ஒரு ஆசனத்தில் உட்கார்ந்து அக்கரையின் தூதராக ஏதோ கேட்டார். எழுந்து எதிர் ஆசனத்துக்குப் போய் நம் தூதராகப் பதில் சொன்னார். இரண்டே முறை இடம் மாறிவிட்டு, இரண்டு பக்கமும் முழு மனதோடு இசைந்துவிட்டதாக நம் மொழியிலேயே அறிவித்தார்.

"மதகு திறக்கப்படும். பதிலுக்கு இக்கரையில் முப்பது கிராமங்கள் அக்கரைக்கு."

மன்னர் சிங்காசனத்தின் விளிம்புக்கு வந்துவிட்டார். அந்த முப்பதில் ஒன்பது மங்கலராயருடையவை. ராயர் தலைப்பாகை சரிய முன்னால் ஓடிவந்து, எதிரி நாட்டானை எப்படி நியமிக்கலாம் என்று கத்தினார். நம் நாட்டவராக இருக்க வேண்டும் என்று விதியில் இல்லையே, ஓர் எழுத்தைக் கூட்டினாலும் தாங்கள் வருந்துவீர்களே என்றான் சாத்தப்பன்.

"அந்த விதியே வேண்டாம். அடித்துவிடுங்கள் பிரபு, இப்போதே அடித்துவிடுங்கள்." ராயர் மன்னரின் காலைப் பிடித்துக்கொண்டார்.

மன்னர் அடித்தார். விதி போனதும் அதன்படி நடந்த நியமனம் போனது, அதோடு ஒப்பந்தமும் போனது. சாத்தப்பன் தரகரை முன்னால் தள்ளினான். செவ்வந்தியப்பன் திம்மப்பருக்கு எதிரே உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டை இருவர் கைகளின் மேலும் விரித்தார். சந்தையில் பேரம் பேசுவது போலத் துண்டுக்கு அடியில் விரல் பிடித்தார்கள். ஒரு விரலுக்கு, பத்து நாளில் ஒரு நாள் தண்ணீர். திம்மப்பர் இரண்டு விரல் கொடுத்தார். தரகர் அக்கரை மொழியில், அம்மாவை இழந்த அவர்கள் அரசரிடம் ஒரு முட்டாள் பேசியதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டார். அப்புறம் எட்டு விரலைப் பிடித்தார். திம்மப்பர் கையை உதறினார், திட்டினார், சிரித்தார், மறுபடி கொடுத்தார். நாற்பது தூதர்களும் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தும் துண்டு ஆடியது மட்டுமே தெரிந்தது.

பத்து நாளைக்கு ஆறு நாள் தண்ணீர் என்று முடிந்தது. கிராமம் ஒன்றும் போகவில்லை. திம்மப்பர் எழுந்தபோது ஏதோ சொல்ல, மன்னர் தரகரிடம் பொருள் கேட்டார்.

"பதினோரு தடவை வந்து போனேன், இன்னிக்குத்தான் எதிர்ல ஆள் இருந்துதுங்கிறாருங்க."

மன்னர் விலா நோகச் சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பன் கழுத்தில் போட்டு, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டார். தரகரின் நியமன ஓலையை ராயர் தம் கையாலேயே எழுதினால் போதும் என்றான் சாத்தப்பன். மங்கலராயர் அங்கேயே உட்கார்ந்து எழுதினார். பெயர் எழுதினார், ஊர் எழுதினார். 'முன் அனுபவம்' என்ற இடத்தில் எழுத்தாணி நின்றது. மன்னரை ஒருமுறை பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டிருந்த தரகரை ஒருமுறை பார்த்தார். பிறகு, 'இன்று காலை முதல்' என்று எழுதிக் கையொப்பமிட்டார்.