நகராத ஆடி பதினெட்டு

ஊர் ஊராகப் புத்தியைப் பங்கு வைத்த அன்று ஆவலங்குளத்துக்காரர்கள் மொத்தமாகச் சந்தைக்குப் போய்விட்டார்கள். அந்த ஊரில் விவரமானவர் என்று பெயர் எடுத்தவர் உமையாண்டி. அந்தப் பெயரைத் தனக்குக் கொடுத்துக்கொண்டவரும் அவரேதான்.

தை பத்தாம் தேதி அவர் மகள் செவ்வந்திக்குக் கல்யாணம். பெண் வீட்டுத் தோட்டத்தில் காய்த்த கத்தரிக்காயைப் பந்தியில் வைக்காவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் தாலி கட்டாமலே எழுந்து போய்விடுவார்கள். அந்தப் பக்கத்து வழக்கம் அப்படி. உமையாண்டி ஆனி மாதமே கத்தரி விதை வாங்கி வைத்துவிட்டார்.

தோட்டக்கலை அதிகாரியம்மாவிடம் ஓடினார்.

"ஆடிப் பதினெட்டுல நாற்றங்கால்ல விதை போடுங்க. முப்பது நாள் கழிச்சு நாத்தைப் பிடுங்கித் தோட்டத்துல நடுங்க. தேதி தப்புச்சுன்னா காய் கிடைக்காது" என்றார் அந்த அம்மா.

ஊருக்கே ஒரே ஒரு தினசரி காலண்டர். அது சடையன் வீட்டுச் சுவரில் தொங்கியது. புது மாப்பிள்ளையான சடையனோ வீட்டைப் பூட்டிச் சாவியை மடியில் கட்டிக்கொண்டு ஆடி விருந்துக்கு மாமியார் வீட்டுக்குப் போயிருந்தான். சாப்பாடு ருசியாக இருந்ததால் ஐப்பசியில்தான் திரும்பினான்.

கதவு திறந்ததும் உமையாண்டி பாய்ந்து போய்ப் பார்த்தார். காலண்டரில் ஆடி பதினேழு.

"பாத்தீகளா! கிழிக்க ஆளில்லாம நாள் நமக்காக நிக்குது" என்று கண் கலங்கினார்.

ஒரு தாளைக் கிழித்துவிட்டு, கொட்டுகிற மழையில் குடை பிடித்துக்கொண்டு விதை போட்டார்கள்.

"ஆடியில இப்படி ஒரு அடைமழையை நான் கண்டதே இல்ல மாமா" என்றான் சடையன்.

மறுநாள் காலையில் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. "முப்பது நாள் எதுக்குக் காத்துக் கெடக்கணும்? முப்பது தாளைக் கிழிச்சாப் போதாதா?"

கிழித்தார்கள். ஆவணி வந்தது. நாற்றுப் பிடுங்கப் போனால், போட்ட விதை போட்டபடியே கிடந்தது.

"அவசரப்பட்டுட்டோம்டா!" என்று உமையாண்டி தலையில் அடித்துக்கொண்டார். சோற்றுப் பருக்கையை நசுக்கி முப்பது தாளையும் திரும்ப ஒட்டினார்கள். ஆடி பதினெட்டு மறுபடி மேலே வந்தது. இனிமேல் எவனாவது தாளைத் தொட்டால் கையை ஒடித்துவிடுவேன் என்று சொல்லி, அவரே காவலுக்கு உட்கார்ந்துவிட்டார்.

நாற்று மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கார்த்திகையில் சாண் உயரம் வந்தது. மார்கழியில் முழங்கால் உயரத்துக்கு நெருக்கியடித்துக்கொண்டு, வெளுத்துப்போய், நூல் மாதிரி சாய்ந்து நின்றது. பூவைக் காணோம்.

"பிடுங்கி நட்டுருவோமா மாமா?"

"முப்பது நாள் ஆகலையேடா. இன்னைக்குத்தான விதை போட்ருக்கோம். போட்ட அன்னைக்கே இம்புட்டு ஒசரம்! நல்ல சாதி விதைடா."

தை பத்தாம் நாள் மேளதாளத்தோடு மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். உமையாண்டிக்குப் பாதி உயிர் போய்விட்டது. தோட்டத்தில் ஒரு பிஞ்சுகூட இல்லை. மகளின் வாழ்க்கை போச்சே என்று அழுதுகொண்டே சடையன் வீட்டுக்குள் ஓடியவர், காலண்டரைப் பார்த்ததும் நிமிர்ந்தார். அதைக் கழற்றி வந்து சம்பந்தியின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"ஏன் சம்பந்தி, நாலும் தெரிஞ்ச மனுசன்தானே நீங்க? ஆடி மாசத்துல எவனாவது தாலி கட்டுவானா?"

சம்பந்தி தாளை உற்றுப் பார்த்தார். மேளத்தை நிறுத்தச் சொன்னார்.

"மன்னிச்சிருங்க, அஞ்சாறு மாசம் முந்தியே வந்துட்டோம். போயிட்டுத் திரும்பி வர்றது வீண் அலைச்சல். தை பொறக்குற வரைக்கும் இங்கேயே உக்காந்துக்கிறோம்" என்று பந்தலில் பாயை விரித்துவிட்டார்.

மாப்பிள்ளையின் முகம் வாடிப்போனது. உமையாண்டி அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

"கவலைப்படாதீக மாப்ளே. இந்த ஒரு நாள்தான் கொஞ்சம் மெதுவாப் போகுது."