ஞானசிகாமணி மாஸ்டரின் காது

தேவாலயப் பாடகர் குழுவை நடத்தும் கொயர் மாஸ்டர் ஞானசிகாமணியின் காது அந்த வட்டாரத்துச் சபைகளில் எல்லாம் பேர்போனது. முப்பது பையன்கள் சேர்ந்து பாடினாலும், எவன் சுருதி விலகினான் என்று ஆர்மோனியத்தை விட்டுத் திரும்பாமலே சொல்லிவிடுவார். சொல்வது எப்போதும் ஆசீரின் பெயரைத்தான். கோயில் பெருக்குகிற ரெபேக்காளின் மகன் அங்கி போட்டுக்கொண்டு முன்வரிசையில் நிற்பது அவருக்குப் பொறுக்கவில்லை.

கிறிஸ்துமஸ் ஒத்திகைக்குக் குருவானவரும் வந்து உட்கார்ந்திருந்தார். மாஸ்டருக்கு அது வசதியாகப் போயிற்று.

"ஏலே ஆசீர், மூணு தடவை பாடுவோம். ஒரு தடவையாவது உன் குரல் தனியா என் காதுல விழுந்தா, அங்கியக் கழட்டிக் குடுத்துட்டுப் போயிரு."

"சரி சார். தண்ணி குடிச்சிட்டு வந்துர்றேன்."

முதல் தடவை முடிந்ததும், "கேட்டீங்களா ஐயா, தகரத்தத் தேய்ச்ச மாதிரி" என்றார் மாஸ்டர். இரண்டாம் தடவையும் அவன்தான் என்றார். மூன்றாம் தடவை பாதியிலேயே ஆர்மோனியத்தை மூடிவிட்டார்.

"போதும்லே. கழட்டு."

ஆசீர் நேரே ஜன்னலுக்குப் போனான். உப்பியிருந்த கன்னத்தை அழுத்தி, வாய் நிறைய இருந்த தண்ணீரை வெளியே குரோட்டன்ஸ் செடியில் துப்பினான்.

"மூணு தடவையும் இதுதான் சார் வாய்ல இருந்துச்சு."

பையன்கள் குனிந்துகொண்டு சிரித்தார்கள். மாஸ்டர் அசரவில்லை. "வாய்ல தண்ணிய வச்சுக்கிட்டுப் பாடினா சுருதி எப்படிச் சேரும்?"

"அதுவும் சரிதான்" என்றார் குருவானவர். "கிறிஸ்துமஸ் அன்னைக்குத் தனிப்பாட்டு ஆசீரே பாடட்டும். தண்ணியில்லாம எப்படின்னு சபை கேட்டுச் சொல்லட்டும்."

"பாடுறேன் ஐயா" என்றான் ஆசீர். "அன்னைக்கு சார் மட்டும் வாய்ல கொஞ்சம் தண்ணி வச்சுக்கிடணும்."