ஆடி மாதத்து அவசரப் பொதி

"அரசரோட மீசையை அவர் முகத்துக்கு நேரா கேலி பண்றீங்க. பெரிய ராணியம்மா பூனைக்குப் பட்டப்பேர் வைக்கிறீங்க. இந்த ஒண்ணைக் கேக்க மட்டும் உங்களுக்கு வாய் வரமாட்டேங்குது."

"கேக்குறேன் கொடி. நாளைக்குக் கண்டிப்பா கேக்குறேன்."

"கல்யாணம் ஆனதிலேருந்து உங்க நாளைக்கு இன்னும் விடியவே இல்லைங்க. ரசத்தை எத்தனை தடவைதான் சுட வைக்கிறது? அதுக்கே என்மேல வெறுப்பு வந்துடும்."

சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த சடையாண்டிக்கு, மனைவி பொற்கொடியோடு முந்தின நாள் நடந்த இந்தப் பேச்சுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் நீங்கள் தேடிக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள் என்பதால் பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், மதிவாணர் என்று ஓர் அரசர் இருந்தார். அவருடைய விகடகவிதான் இந்தச் சடையாண்டி. அந்த அரண்மனையில் விகடகவிக்கு ஒரு விதி உண்டு. அரசர் கொட்டாவி விட்ட பிறகுதான் அவன் வீட்டுக்குப் போகலாம். மதிவாணருக்கோ கொட்டாவி சுலபத்தில் வராது. ஊரே அடங்கிய பிறகும் ஆந்தை மாதிரி முழித்துக்கொண்டு, "இன்னும் ஒன்று சொல்லு" என்பார்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டுக்குப் போகட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் யாராவது விடைபெறுகிறேன் என்றாலே அரசரின் முகம் பொம்மையைப் பறிகொடுத்த குழந்தையின் முகமாகிவிடும். அதைப் பார்த்ததும் ஊரையே வாயால் விற்கிற சடையாண்டிக்குப் பேச்சு வேறு பக்கம் தாவிவிடும். அரசர் சிரித்து முடித்து, வேண்டியதைக் கேள் என்பார். இவன் ஒரு தடவை பட்டு கேட்டான். ஒரு தடவை பலாப்பழம் கேட்டான். போன தடவை என்ன கேட்பதென்று தெரியாமல் ஒரு ஜோடி வாத்து கேட்டுவிட்டான். பொற்கொடி அவற்றுக்கு 'நாளைக்கு', 'நாளன்னைக்கு' என்று பெயர் வைத்து வளர்த்துக்கொண்டிருந்தாள்.

இது இப்படியிருக்க, பண்டகசாலைத் தலைவர் குணபத்திரர் 'விரைவோட்டம்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார். துறைமுகத்திலிருந்து தலைநகருக்கு வரும் சரக்கெல்லாம் அதுவரை மாட்டுவண்டியில்தான் வந்தது. வண்டி வழியில் உள்ள சந்தைகளிலெல்லாம் நின்று, மாடு அசைபோட்டு, வண்டிக்காரர் சொந்தக்காரர்களை விசாரித்து, ஒரு மாதத்துக்கு மேல் ஆக்கிவிடும். விரைவோட்டத்தில் அப்படி இல்லை. கூடுதலாகக் கூலி கொடுத்தால் போதும், காலில் மணி கட்டிய ஆட்கள் கைமாற்றிக் கைமாற்றிப் பொதியை ஓடியே கொண்டுவந்து சேர்ப்பார்கள். அந்த ஆட்களை வைத்திருந்தவர் குணபத்திரரின் மைத்துனர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அரசருக்கு விரைவோட்டம் பித்தாகப் பிடித்துப்போயிற்று. வாசலில் மணிச்சத்தம் கேட்டால் சபையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுவார். பொதியைத் தடவுவார், தட்டுவார், காதை வைத்துக் கேட்பார். அத்தோடு சரி. ஏனென்றால் அரசரின் தாயாரான பெரிய ராணி, ஜோசியர் குறித்த நல்ல நேரம் வராமல் எந்தப் பொதியையும் அவிழ்க்க விடமாட்டார். பொதி தெற்குக் கூடத்துக்குப் போய் ராகுகாலம், எமகண்டம், அஷ்டமி, நவமி எல்லாம் கழியும்வரை உட்கார்ந்திருக்கும். அதற்குள் அரசர் அதை மறந்து அடுத்ததற்குச் சொல்லி அனுப்பியிருப்பார்.

ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள், வெளிதேசத்து வணிகன் ஒருவன் நடந்தால் கீச்சுக் கீச்சென்று பாடும் செருப்பைப் போட்டுக்கொண்டு சபைக்கு வந்தான். அரசர் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. அந்தச் செருப்பு உடனே வேண்டும் என்றார். விரைவோட்டம் இருக்கக் கவலை ஏன் என்றார் குணபத்திரர். சடையாண்டி சிரித்துவிட்டான்.

"எதற்குச் சிரிக்கிறாய் என்று அரசர் அறியலாமா?" என்றார் குணபத்திரர்.

"ஓடி வருவதும் பொதிதான், வந்து உட்கார்ந்திருப்பதும் பொதிதான். நடுவில் மூச்சு வாங்குவது அரசரின் கஜானா. அதை நினைத்தேன், சிரிப்பு வந்தது."

குணபத்திரர் இதற்காகவே காத்திருந்தவர். அப்படியானால் பந்தயம் வைத்துப் பார்ப்போம் என்றார். தாம் ஒரு ஜோடியை விரைவோட்டத்தில் வரவழைப்பதாகவும், சடையாண்டி அதே மாதிரி ஒரு ஜோடியை மாட்டுவண்டியில் வரவழைக்கட்டும் என்றும், தோற்றவர் துறைமுகக் கிடங்கில் மிளகாய் மூட்டைக்குக் காவல் போக வேண்டும் என்றும் சொன்னார். துறைமுகத்துக்குப் போனவர் வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஊர் திரும்ப முடியும்.

சடையாண்டி ஒரு நிமிஷம் யோசித்தான். பிறகு, "எது முதலில் வாசலுக்கு வருகிறது என்பதல்ல, எது முதலில் அரசரின் காலில் ஏறுகிறது என்பதே பந்தயம். சம்மதமா?" என்று கேட்டான். இரண்டும் ஒன்றுதானே என்று குணபத்திரர் சம்மதித்தார். அவசரத்தில் இருப்பவர்கள் பஞ்சாங்கம் புரட்டுவதில்லை.

வீட்டில் பொற்கொடி விஷயத்தைக் கேட்டுவிட்டு ரசச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள். பிறகு, "இதுவரைக்கும் ஆறின ரசமாவது இருந்துச்சு. இனிமே வருஷத்துக்கு ஒரு தடவை ஊசிப்போன ரசமா?" என்றாள்.

ஆடி பிறந்த அன்றே மணிச்சத்தம் கேட்டது. குணபத்திரரின் பொதி வந்து இறங்கியது. அரசர் ஒரு காலைத் தூக்கிக்கொண்டே ஓடினார். பெரிய ராணி வாசலில் நின்றிருந்தார்.

"ஆடியில புதுசை அவிழ்க்கிறதா? உன் அப்பா காலத்துல கூட இல்லாத வழக்கம். ஆவணி பிறக்கட்டும்டா."

படையெடுத்து வந்த எதிரிகளுக்கு அஞ்சாத அரசர், தூக்கிய காலைக் கீழே வைத்தார். பொதி தெற்குக் கூடத்துக்குப் போயிற்று. குணபத்திரர் கலங்கவில்லை. பொதி அரண்மனைக்குள் இருக்கிறது, வண்டியோ எங்கேயோ ஒரு சந்தையில் வைக்கோல் தின்றுகொண்டிருக்கிறது.

அதற்கப்புறம் சடையாண்டி நடந்துகொண்ட விதம்தான் யாருக்கும் பிடிபடவில்லை. தினமும் அரசரிடம் விரைவோட்டத்தைப் புகழ்ந்தான். துறைமுகத்துக்குச் சீனத்துப் பீங்கான் ஜாடி வந்திருக்கிறதாம், வரவழைக்கலாமே என்பான். பளிங்கு அம்மி, கண்ணாடி விளக்கு, ஆள் உயர மயில் பொம்மை என்று ஒவ்வொன்றாக ஆசை காட்டுவான். அரசர் மறுப்பாரா? மணிச்சத்தம் ஓயவில்லை. தெற்குக் கூடம் கூரை தொட நிறைந்தது. பயல் தோல்வியை ஒப்புக்கொண்டு காலைப் பிடிக்கிறான் என்று குணபத்திரர் மைத்துனரிடம் சொல்லி மகிழ்ந்தார்.

ஆவணி பிறந்தது. ஆவணிப் பிறப்புச் சந்தைக்கு மாட்டுவண்டி தவறாமல் வந்துவிடும் என்பது ஊரில் காய்கறி விற்பவர்களுக்கெல்லாம் தெரியும். குணபத்திரர் காய்கறி வாங்கிப் பழக்கமில்லாதவர். ஜோசியர் குறித்த நேரம் வந்ததும் பெரிய ராணி தெற்குக் கூடத்தைத் திறந்துவிட்டார். குணபத்திரர் பட்டு அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே பாய்ந்தவர், அப்படியே நின்றுவிட்டார். முதலில் வந்த பொதி எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது. அதன்மேல் பளிங்கு அம்மி. அம்மியின்மேல் பீங்கான் ஜாடிகள். அதற்கும் மேல் கண்ணாடி விளக்குகள்.

"விளக்கு உடைந்தால் உமது தலை உடையும்" என்று அரசர் வெளியிலிருந்து அன்பாகச் சொன்னார்.

குணபத்திரர் ஒவ்வொரு விளக்காக, பிறந்த குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு மாடு கத்தியது. வண்டிக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"சடையாண்டிங்கிறது யாருங்க? செருப்பு வந்திருக்கு."

பெரிய ராணி நேரத்தைப் பார்த்தார், மாதத்தைப் பார்த்தார், குறை ஒன்றும் அகப்படவில்லை. அவிழ்க்கச் சொன்னார். அரசர் காலை நுழைத்து ஓர் அடி வைத்தார். கீச்சென்றது. இன்னோர் அடி வைத்தார். மறுபடியும் கீச்சென்றது. பெரிய ராணியின் பூனை ஓடிப்போய்த் தூணில் ஏறியது. அந்தச் சத்தம் கேட்டுத்தான் குணபத்திரர் மயில் பொம்மையைக் கட்டிப்பிடித்தபடியே கூடத்திலிருந்து தலையை நீட்டினார்.

இது அநியாயம் என்று அவர் முறையிட்டார். தம்முடைய பொதி ஒரு மாதம் முன்னாலேயே வந்துவிட்டது என்றார்.

"வந்துவிட்டது, யார் இல்லை என்றார்கள்?" என்றான் சடையாண்டி. "நானும் தினம் அதன் தலையில் ஒரு பொதியை ஏற்றி மரியாதை செய்துகொண்டுதான் இருந்தேன்."

அரசருக்கு அப்போதுதான் அம்மியும் ஜாடியும் வந்த வழி புரிந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பில் கால் ஆட, செருப்பும் சேர்ந்து கீச்சிட்டது. குணபத்திரர் மிளகாய் மூட்டைக்குக் காவல் போகட்டும், அதுவும் காலில் மணி கட்டிக்கொண்டு ஓடியே போகட்டும் என்று ஆணையிட்டார். கையோடு விரைவோட்டத்தையும் கலைத்துவிடுவதாகச் சொன்னார்.

"வேண்டாம் அரசே," என்றான் சடையாண்டி. "போன மழைக்காலத்தில் ஆற்றங்கரை மருத்துவச்சிக்கு மருந்து ஓடித்தான் வந்தது. ஒரு தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அங்கே வாசலைப் பார்த்துக்கொண்டு ஆள் இருந்தது, கூடுதல் கூலி தகும். இங்கே கூடம் மட்டும்தான் காத்திருக்கிறது."

அரசர் சிரிப்பை நிறுத்தி அவனையே பார்த்தார். பிறகு, "கேள். என்ன வேண்டும் உனக்கு?" என்றார்.

சடையாண்டி வாயைத் திறந்தான். பழக்கதோஷத்தில் பலாப்பழம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் சற்று முன் தான் சொன்ன வார்த்தையே அவன் காதில் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. வாசலைப் பார்த்துக்கொண்டு ஆள். வாத்துகள் நாளைக்கும் நாளன்னைக்கும் முற்றத்தில் சேற்றைக் கிளறிக்கொண்டிருப்பது கண்ணில் தெரிந்தது. அவற்றுக்குத் தவிடு போடுகிற கையும் தெரிந்தது. அரசரின் முகத்தைப் பார்த்தால் பேச்சு மறுபடியும் தாவிவிடும் என்று அவருடைய செருப்பையே பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அரசே, தினமும் விளக்கு வைக்கும் நேரத்துக்கு என்னை வீட்டுக்கு விட்டுவிடுங்கள். அங்கே ஒருத்தி ரசத்தை இறக்கி வைத்துவிட்டுக் காத்திருக்கிறாள்."