விரால் விட்ட இடைவெளி

ஏரி வற்றிக்கொண்டிருந்தது. காலையில் மீன்களின் முதுகை மறைத்த தண்ணீர் நண்பகலில் வயிற்றைத்தான் நனைத்தது. மீன்களுக்கு இருப்புக்கொள்ளவில்லை. காட்டோரம் ஆழமான மடு ஒன்று உண்டு. அது எந்தக் கோடையிலும் வற்றாது. அங்கே போக ஒரே வழி ஓர் ஒடுங்கிய வாய்க்கால். அதுவும் மாலைக்குள் காய்ந்துவிடும்.

முதலில் நாலைந்து குரவை மீன்கள் மட்டும் கிளம்பின. விர்ரென்று போய்ச் சேர்ந்தன. பிறகு கூட்டம் கூடியது. வேகம் சற்றுக் குறைந்தது. ஆனாலும் முன்பைவிட நிறைய மீன்கள் மடுவைச் சேர்ந்தன. அதைப் பார்த்த கெண்டைக்குத் தலைகால் புரியவில்லை.

“பாத்தீங்களா? கூட்டம் கூடக்கூட அதிகம் பேர் போய்ச் சேர்றோம். சந்து விடாதீங்க. இன்னும் நெருங்குங்க!” என்று எல்லாரையும் விரட்டியது.

கெண்டை சொன்னது பாதி சரி. முழுப் பொய்யைவிட இந்தப் பாதி சரிதான் ஆளைக் கவிழ்க்கும்.

மீன்கள் வாய்க்காலுக்குள் திணிந்தன. செதிலோடு செதில் உரசியது. எங்கோ ஒரு கெளுத்தியின் முள் பக்கத்து மீனைக் குத்த, அது சட்டென்று நின்றது. பின்னால் வந்தது அதை இடித்து நின்றது. அதற்கும் பின்னால் வந்தது நின்றது. முதலில் நின்ற மீன் மறுபடி கிளம்பிய பிறகும், பின்னால் ஒவ்வொன்றாக நின்றுகொண்டே போயின. கடைசி அயிரைக்கு ஏன் நிற்கிறோம் என்றே தெரியாது. கொஞ்ச நேரத்தில் வாய்க்கால் மொத்தமும் அசையாமல் கிடந்தது. கரைக்கு ஒரு கொக்கு வந்தது. அது குனிந்தாலே வாய் நிறைந்தது.

வாய்க்கால் தொடங்கும் இடத்தில் ஒரு தாய் விரால் தன் குஞ்சுகளோடு காத்திருந்தாள். செக்கச்செவேலென்ற பொடிக் குஞ்சுகள். தனியாக இருந்தால் அவள் சேற்றில் ஊர்ந்தாவது மடுவுக்குப் போய்விடுவாள். தண்ணீர் இல்லாமல் குஞ்சுகளால் முடியாது. ஆனாலும் முண்டியடிக்காமல் சற்று நேரம் பார்த்தாள். பிறகு தன் நீண்ட உடம்பை வாய்க்காலின் குறுக்கே போட்டுக்கொண்டாள்.

“அக்கா, உனக்கென்ன பைத்தியமா? ஏரி வத்துது, நீ வழிய மறிக்கிறே!” என்றது கெண்டை.

“உள்ள இருக்கிறவங்க நகர்றாங்களான்னு பாரு தம்பி. நகராத இடத்துல இன்னும் நாலு பேர் நுழைஞ்சா என்ன ஆகும்?”

“நீ விடாட்டி நாங்க செத்தோம்.”

“என் புள்ளைங்களும் எனக்குப் பின்னாலதான் நிக்குது.”

கரையிலிருந்து கொக்கு குரல் கொடுத்தது. “கெண்டை சொல்றதுதான் சரி. நல்லா நெருங்கிப் போங்கப்பா.”

“நம்மள நெருங்கச் சொல்றது யாருன்னு பாத்துக்க,” என்றாள் விரால்.

கெண்டை எதையும் பார்க்கவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. ஒரே தாவலில் அவளைத் தாண்டிக் கூட்டத்துக்குள் விழுந்து செருகிக்கொண்டது. மற்றவை முணுமுணுத்தபடி நின்றன. விராலின் பல்லைக் கண்டு அவற்றுக்கு இருந்த பயம் அன்றைக்குக் கைகொடுத்தது.

புதிதாக யாரும் நுழையாததால் நெரிசல் மெல்லத் தளர்ந்தது. மடுவோரம் இருந்தவை நழுவின. அடுத்தவைக்கு இடம் கிடைத்தது. அப்போதுதான் விரால் ஒவ்வொரு மீனாக உள்ளே விட்டாள்.

“முன்னால போறவனுக்கும் உனக்கும் நடுவுல ஒரு மீன் அளவு இடம் விடு. அவன் சட்டுனு நின்னா நீ மெதுவானாப் போதும், நிக்க வேண்டாம்.”

அதன் பிறகு யாரும் பறக்கவில்லை, யாரும் நிற்கவுமில்லை. வரிசை நிதானமாக ஓடியது. ஓடும் மீனைக் கொத்திக் கொத்திக் கொக்குக்குக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

கடைசியாகத் தன் குஞ்சுகளை விட்டாள். வாய்க்காலில் குஞ்சுகள் நீந்தும் அளவுக்குத்தான் தண்ணீர் மிஞ்சியிருந்தது. குஞ்சுகள் முன்னே நீந்த, சேற்றில் வயிறு இழுபட அவள் பின்னால் போனாள். குஞ்சுகள் மடுவின் ஆழத்தில் இறங்கியதைக் கண்ட பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

அங்கே கெண்டை மூச்சிரைக்கக் கிடந்தது.

“நீ மட்டும் மறிக்காம இருந்தா எப்பவோ வந்து சேர்ந்திருப்போம்,” என்று அப்போதும் சிடுசிடுத்தது.

“சரி தம்பி, உன் முதுகுச் செதிலெல்லாம் எங்கே?”

கெண்டை திரும்பித் தன் முதுகைப் பார்த்தது. நெரிசலில் உரசிய இடமெல்லாம் செதில் உரிந்து கிடந்தது.

முன்னால் போகிறவருக்கு இடம் விட்டுப் போகிறவரே, பின்னால் வருகிறவரையும் கரை சேர்க்கிறார்.