சடையனின் இங்கிலீஷ் காவல்

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில் சடையன் என்றொரு குரங்கு இருந்தது. அதற்கு ஒரே வேலைதான். மான்கள் ஓடையில் தண்ணீர் குடிக்கும்போது உச்சிக் கிளையில் உட்கார்ந்து காவல் காக்க வேண்டும், சிறுத்தையைக் கண்டால் "கக்! கக்!" என்று கத்த வேண்டும். அந்தக் குரலை நம்பித்தான் மான்கள் தண்ணீரில் வாய் வைக்கும்.

நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது? கெடுத்தது ஒரு கிளி. டவுனில் டியூஷன் சென்டர் வாசலில் கூண்டில் கிடந்து தப்பி வந்த பவளம்.

"இன்னும் 'கக் கக்'னு கத்திக்கிட்டு! படிச்சவங்க இங்கிலீஷ்ல சொல்வாங்க."

சடையனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எனக்கும் சொல்லிக் கொடுங்க டீச்சர்!"

"இனிமே செஞ்சே ஆகணும்னா 'வில் ஹேவ் டு' போடணும். 'வில் மஸ்ட்'னு மட்டும் சொல்லிடாதே, மானம் போயிடும்."

சடையன் பகலெல்லாம் முணுமுணுத்தது. "ஐ வில் ஹேவ் டு ஈட். யூ வில் ஹேவ் டு ஸ்லீப்." பக்கத்துக் கிளை அணில் பொறுக்க முடியாமல் வேறு மரத்துக்கே போய்விட்டது.

மாலையில் செம்பி என்ற புள்ளிமான் தன் குட்டியோடு வந்தது.

"அண்ணே, மேலே இருக்கீங்களா?"

"இருக்கேன் தங்கச்சி, தாராளமா குடிங்க!"

குட்டி குனிந்ததுதான் தாமதம், புதருக்குள் சிறுத்தை தெரிந்தது. கத்த வாயைத் திறந்தது. பக்கத்திலேயே பவளம். சீச்சீ, டீச்சர் முன்னால் 'கக்'கா?

"யூ... யூ வில்..."

அடுத்தது 'மஸ்ட்'டா, 'ஹேவ் டு'வா? பாழாய்ப் போன மண்டைக்கு அது ஞாபகம் வரவில்லை.

"என்னண்ணே முனகுறீங்க?"

"கொஞ்சம் இரு தங்கச்சி, வாக்கியம் வந்துக்கிட்டிருக்கு!"

சிறுத்தையும் வந்துகொண்டிருந்தது.

"யூ வில் ஹேவ் டு..." அப்பாடா, தப்பில்லாமல் வந்துவிட்டது! 'ரன்' மட்டும்தான் பாக்கி.

அப்போதுதான் பவளம் கீழே பார்த்தது. "கீ! கீ! கீ!" என்று அலறிக்கொண்டு பறந்தது. இங்கிலீஷாவது ஒன்றாவது! அந்த அலறலில் செம்பி குட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு பாய்ந்தது. சிறுத்தையின் நகம் செம்பியின் தொடையைக் கிழித்துவிட்டது. உயிர் மட்டும் தப்பியது.

மறுநாள் செம்பி நொண்டியபடி ஓடைக்கு வந்தது.

"நான் மேலேதான் இருக்கேன் தங்கச்சி!" என்றது சடையன்.

"நீங்க நல்லாப் படிங்கண்ணே. காவலுக்கு மயிலைச் சொல்லி வச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு, செம்பி அண்ணாந்துகூடப் பார்க்காமல் போனது. சடையனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நீதி: ஆபத்து வந்தால் தெரிந்த குரலில் உடனே கத்து, பெருமையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.