கழுத்தை உள்ளே இழுக்காத ஆமை

மூங்கிலடிக் காட்டில் ஒரே ஒரு பெரிய பாதை இருந்தது. புற்றுமேட்டில் தொடங்கி ஆற்று மணலில் போய் முடியும். இரண்டு பக்கமும் பலாவும் நாவலும் நெருங்கி வளர்ந்திருந்தன. மேலே கொடிகள் பின்னிக் கிடந்தன. உச்சி வேளையிலும் அந்தப் பாதையில் ஒரு பொட்டு வெயில் விழாது.

மானுக்கும் காட்டெருமைக்கும் அதனால் ஒரு குறையும் இல்லை. அவற்றின் உடம்புச் சூடு உள்ளேயே ஊறுவது. நாலு வாய் புல் தின்றால் போதும், எங்கே வேண்டுமானாலும் ஓடும்.

ஆமை, அரணை, ஓணான் இவற்றின் பாடு வேறு. இவை வெளியிலிருந்துதான் சூட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். காலையில் வெயிலில் கிடந்து ஏற்றிக்கொண்ட சூடு இருக்கிறவரை கால் நடக்கும். அது தீர்ந்துவிட்டால் நின்ற இடம்தான். அடுத்த அடி வராது.

அந்தக் காட்டில் ஆமை ஒருத்தி இருந்தாள். சாது. காலையில் கண் விழித்ததும் கிழக்கே பார்த்து, "சூரிய பகவானே, எல்லாருக்கும் கொடுக்கிறதுல எனக்கும் கொஞ்சம் கொடப்பா" என்று கும்பிட்டுவிட்டுத்தான் இலையைக் கடிப்பாள்.

அந்த மார்கழியில் அவள் வயிற்றில் முட்டைகள் இருந்தன. காய்ந்த மணலில் குழி தோண்டி வைத்தால்தான் முட்டை பொரியும். மணல் ஆற்றங்கரையில் மட்டும்தான் இருந்தது.

போன மார்கழியிலும் அவள் புறப்பட்டுப் போனாள். பாதி வழியில் சூடு தீர்ந்தது. நகர முடியாமல் ஈரச் சருகின் மேலேயே முட்டையிட்டாள். விடிந்து பார்த்தால் ஒரு முட்டையும் இல்லை. உடும்பின் வாயோரத்தில் மஞ்சள் காய்ந்து ஒட்டியிருந்தது.

உடும்புக்கும் வெயில் வேண்டும். ஆனால் புற்றுமேட்டில் அவனுக்கென்று ஒரு பெரிய பாறை இருந்தது. காலை வெயில் முழுவதும் அதன்மேல்தான் விழும். வயிறாரச் சூடேற்றிக்கொண்டு பாதையில் உலா வருவான். நின்றுபோனவர்கள் இட்ட முட்டைகளைத் தின்றுவிட்டு, சூடு தீருமுன் வீடு திரும்பிவிடுவான். வேறு யாராவது பாறையில் ஏறினால், "யார் வீட்டுப் பாறையில யார் கால் வைக்கிறது?" என்று வாலால் ஒரே அடி!

இந்த முறை ஆமை சும்மா இருக்கவில்லை. அரணையைக் கூட்டிக்கொண்டு காட்டு மன்றத்துக்குப் போனாள். காட்டெருமைதான் மன்றத்துக்குத் தலைவர்.

"தலைவரே, பாதையோரத்துல அங்கங்க தட்டைக் கல் போட்டுத் தாங்க. நாங்க கொஞ்ச நேரம் கிடந்து சூடேத்திக்கிட்டு மேல போயிடுவோம்."

மான் துள்ளிக்கொண்டு முன்னால் வந்தது.

"நல்லாயிருக்கே கதை! நாங்க ஓடுற பாதையில கல்லைப் போட்டா எங்க கால் என்னாகிறது? நாங்க எங்கேயாவது நடுவழியில நிக்கிறோமா? உங்களுக்கு மட்டும் என்ன சீக்கு?"

"சீக்கு இல்லம்மா. ஆண்டவன் எங்களை இப்படிப் படைச்சிருக்கான்" என்றாள் ஆமை.

உடும்பு நாக்கை நீட்டி மடக்கினான்.

"தலைவரே, நானும் இவங்க இனம்தான். நான் என்ன பண்றேன்? என் வீட்டுலயே சூடேத்திக்கிட்டு வர்றேன். இவங்களும் அப்படியே வரட்டுமே! பாதை நடக்கிறதுக்குத்தான். படுக்கிறதுக்கில்ல!"

"உங்க வீட்டுல பாறை இருக்கு. எங்க வீட்டுல புதர்தானே அண்ணே இருக்கு!" என்று கத்தியது அரணை.

"அது உங்க தலையெழுத்து!"

"அப்ப போன வருஷம் ஆமையக்காவோட முட்டை எங்க போச்சுங்கறதையும் இந்தச் சபையில சொல்லுங்க! எனக்கு மறதின்னு காடே சிரிக்குது. அதை மட்டும் நான் மறக்கமாட்டேன்!"

உடும்பு வேறு பக்கம் பார்த்தான்.

காட்டெருமை கெட்டவர் இல்லை. கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான். அசைபோட்டுக்கொண்டே யோசித்துவிட்டுச் சொன்னார்: "சரி. ஒரு கல்லு போட அனுமதி. ஆனா யாருக்கும் இடைஞ்சல் இல்லாத இடமாப் பார்த்துப் போடுங்க."

இடம் பார்க்கிற பொறுப்பை மானும் உடும்பும் எடுத்துக்கொண்டன. பாதி வழியில் ஒரு பலாமரம் உண்டு. அதன் அடியில் குகை மாதிரி இருட்டு. புல்கூட முளைக்காத இடம் என்பதால் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. கல்லை அங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள். காட்டுப்பூ தூவினார்கள். காட்டெருமை முன்னிலையில் மயில் ஒன்று வந்து ஆடியது. மான் கல்லின்மேல் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு, "அடேயப்பா, எவ்வளவு வழவழன்னு இருக்கு!" என்றது.

ஆமை கல்லின்மேல் ஏறிப் படுத்தாள். வயிற்றில் பனி ஏறியது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"தலைவரே, கல்லு வந்துடுச்சு. வெயில் எங்க?"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"கல்லு கேட்டா, கொடுத்தாச்சு! இப்ப வெயிலும் வேணுமாம்! நாளைக்குத் தலையணை கேப்பா!" என்றது மான்.

சூடு உள்ளேயே ஊறுகிறவர்களுக்கு அது புரியவில்லை. கல்தான் சூடு கொடுக்கும் என்று உண்மையாகவே நினைத்துவிட்டார்கள். உடும்புக்கு மட்டும் எல்லாம் தெரியும். ஆனால் அவன் வாய் திறக்கவில்லை.

ஆமையின் வயிறு நாளுக்கு நாள் கனத்தது. இனிமேல் தள்ளிப்போட முடியாது என்ற காலையில் கிழக்கே பார்த்துக் கும்பிட்டாள். "பகவானே, நீ மேலேயிருந்து அனுப்புறப்போ யார் வீட்டுக்குன்னு பேர் எழுதி அனுப்பல. உன் வெயிலை நான் பாதையில கேக்கப் போறேன். தப்பா இருந்தா மன்னிச்சுக்கோ. தப்பில்லைன்னா கூட நில்லு."

புதரிடுக்கில் விழுந்த கொஞ்ச வெயிலை ஏற்றிக்கொண்டு புறப்பட்டாள். கூடவே அரணையும் வந்தது.

பலாமரத்தைத் தாண்டினாள். அதற்கப்புறம் பாதை இரண்டு பெரிய பாறைகளுக்கு நடுவே ஒடுங்கிப் போகும். ஒரு காட்டெருமை மட்டும் நுழைகிற அகலம். கொடிகள் அங்கே தலையில் இடிக்கும்படி தாழத் தொங்கின. சரியாக அந்த இடுக்கில் ஆமையின் கால்கள் நின்றன.

"அக்கா, கொஞ்சம் ஓரமாத் தள்ளிக்கலாமா? ஒரு அடிக்குத் தெம்பு இருக்குமே?" என்றது அரணை.

"இருக்கு. ஆனா தள்ளமாட்டேன்" என்றாள் ஆமை. "ஓரமா நின்னு நின்னுதான் நம்மளை யார் கண்ணுக்கும் தெரியாமப் போச்சு."

அரணை ஒரு கணம் அவளைப் பார்த்தது. பிறகு அவள் பக்கத்திலேயே நீட்டிப் படுத்துக்கொண்டது.

செய்தி பரவியது. ஓணான்கள் வந்தன. குளத்து ஆமைகள் இரண்டு மூச்சு வாங்க வந்து சேர்ந்தன. எல்லாரும் வரிசையாகப் பாதையை அடைத்துக்கொண்டு படுத்தார்கள். உடும்பும் வந்தான். அவன் இடுக்கை ஒட்டிய பாறைமேல் தனியே உட்கார்ந்து ஆமையின் வாலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமையக்கா, ஏன் கஷ்டப்படுறீங்க? இங்கேயே வச்சுடுங்க. முட்டையை நான் பத்திரமாப் பார்த்துக்கறேன்!"

ஆமைக்குப் பல்லைக் கடிக்கப் பல் இல்லை. வயிற்றைத் தரையோடு அழுத்திக்கொண்டாள்.

உச்சிப் பொழுதில் ஆற்றுக்குத் தண்ணீர் குடிக்கப் போகிற கூட்டம் வந்து நின்றது. முன்னால் மான். தாண்டிப் போகலாம் என்றால் மேலே கொடி இடித்தது.

"என்ன இது அநியாயம்! ஏய், நகருங்க! தாகம் தொண்டையை அடைக்குது!"

"நடுவழியில நிக்கிறது எப்படி இருக்கும்னு இப்பத் தெரியுதா தாயி?" என்றது அரணை.

"கால் ஓடலைன்னாலும் வாய் மட்டும் நல்லா ஓடுதே!"

"வாய்க்கு வெயில் தேவையில்ல!"

காட்டெருமை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். மூச்சு புகையாகப் பறந்தது. தலையைத் தாழ்த்திக் கொம்பை ஆமையின் முகத்துக்கு நேரே கொண்டுவந்தார்.

ஆமை என்றால் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். காட்டில் எல்லாருக்கும் அது தெரியும். அப்படி இழுத்துக்கொண்டால் பந்தை உருட்டுகிற மாதிரி உருட்டிவிட்டுப் போய்விடலாம் என்றுதான் மானும் எட்டிப் பார்த்தது.

ஆமை கழுத்தை வெளியே நீட்டினாள். எவ்வளவு நீளுமோ அவ்வளவும் நீட்டினாள். கொம்பின் நுனி அவள் நெற்றியைத் தொட்டது.

"நகரு ஆமை."

"நகர முடியாது தலைவரே. முடிஞ்சாலும் நகரமாட்டேன்."

காட்டெருமைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இதுவரை அவர் கொம்புக்கு முன்னால் யாரும் கழுத்தை நீட்டியதில்லை. குரலைத் தணித்துக்கொண்டார்.

"இந்தா பாரும்மா. வயித்துல முட்டையோட எதுக்கு இந்தப் பிடிவாதம்? என் முதுகுல ஏறிக்கோ. நானே ஆத்தங்கரையில கொண்டுபோய் இறக்கிவிடறேன். முட்டையை வை. பிரச்சினை தீர்ந்தது!"

கூட்டம் முழுவதும் ஆமையைப் பார்த்தது. அரணைகூடப் பார்த்தது. அவள் வயிற்றுக்குள் இருப்பது பிழைக்க அதுதான் நிச்சயமான வழி. ஒரு வார்த்தை 'சரி' என்றால் போதும்.

ஆமை கண்ணை மூடினாள். உதடு எதையோ முணுமுணுத்தது. கண்ணைத் திறந்தாள்.

"இன்னிக்கு என்னைத் தூக்கிட்டுப் போவீங்க. நாளைக்கு இந்த அரணை வந்து நிப்பா. அப்புறம் ஓணான். அப்புறம் என் மக. ஒவ்வொருத்தியும் உங்க மனசு இரங்குற நேரம் பார்த்துத்தான் பிள்ளை பெத்துக்கணுமா? உங்க முதுகு வேண்டாம் தலைவரே. எங்களுக்கு வழிதான் வேணும்!"

"வழிதான் வேணும்!" என்றது அரணை. "வழிதான் வேணும்!" என்று படுத்துக் கிடந்த எல்லாரும் கத்தினார்கள்.

காட்டெருமை மெல்லக் குனிந்தார். தன் மூக்கை ஆமையின் ஓட்டில் வைத்தார். சடாரென்று எடுத்துக்கொண்டார்.

"ஏ அம்மா! ஆத்துல கிடக்கிற கூழாங்கல்லு மாதிரி இருக்கியே! உயிரோடதான் இருக்கியா?"

"அதைத்தானே தலைவரே அன்னிக்குச் சபையில சொன்னேன்."

"கல்லு போட்டோமே! அது சூடு கொடுக்கலையா?"

"கல்லு எங்கேயிருந்து கொடுக்கும்? அது வாங்கித்தான் கொடுக்கணும்!"

காட்டெருமை அசைபோடுவதை நிறுத்தினார். திரும்பிப் பலாமரத்தடி இருட்டைப் பார்த்தார். பிறகு மேலே தொங்கிய கொடிகளை அண்ணாந்து பார்த்தார்.

"இவளுக்கு வெயில்தான் வேணும்னு உனக்குத் தெரியாதா?" என்று உடும்பைக் கேட்டார்.

"என்னை யாரும் கேக்கலையே தலைவரே!" என்றான் உடும்பு. "அதுவும் இல்லாம, பாதையோட அழகு கெட்டுப்போகும்..."

அவன் முடிக்கவில்லை. காட்டெருமை முன்னங்காலைத் தூக்கிப் பாறையில் ஊன்றி, கொம்பைக் கொடிகளுக்குள் மாட்டி ஒரே இழு இழுத்தார். மடமடவென்று கொடி அறுந்தது. காய்ந்த கிளை முறிந்தது. சருகும் தூசியும் மழையாகக் கொட்டின. மேலே ஒரு பொத்தல் விழுந்தது. அதன் வழியாக உச்சி வெயில் நேரே ஆமையின் முதுகில் இறங்கியது.

ஆமை கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். முதலில் ஒரு கால் அசைந்தது. அப்புறம் மற்றொன்று. சூடேறியதும் அவளாகவே ஓரத்துக்கு நகர்ந்து, "இப்ப போங்க தாயி. தாகத்தோட நிக்க வச்சுட்டேன்" என்று மானுக்கு வழிவிட்டாள். மான் தலையைக் குனிந்துகொண்டு போனது.

"இன்னும் எங்கெங்க வெயில் வேணும்?" என்று கேட்டார் காட்டெருமை.

"நாங்க நின்னுபோற இடத்துல எல்லாம்! நீங்க எங்ககூட நடந்து வாங்க, காட்டறேன்!" என்றது அரணை.

அன்று காட்டெருமை ஆமையின் வேகத்துக்கு நடந்தார். அவள் நின்ற இடத்தில் எல்லாம் மேலே கொடியை இழுத்தார். கீழே தட்டைக் கல்லைப் புரட்டிப் போட்டார். வெயில் சாயுமுன் ஆமை ஆற்று மணலைத் தொட்டாள். குழி தோண்டினாள். முட்டைகளை வைத்து மூடினாள். மேற்கே பார்த்து ஒரு கும்பிடு போட்டாள்.

வெயில் விழுந்த இடங்களில் புல் முளைத்தது. மான் இப்போது அந்தக் கற்களின் பக்கத்திலேதான் மேய்கிறது. காலில் கல் இடறியதாக அது ஒரு நாளும் சொல்லவில்லை. முட்டை பொரிந்து வெளியே வந்த குட்டி ஆமைகள் கல்லுக்குக் கல் தங்கித் தங்கிப் புற்றுமேட்டுக்கு வந்து சேர்ந்தன.

ஒரு நாள் உடும்பு நெடுந்தூரம் உலா போனான். நடுவில் மழை பிடித்துக்கொண்டது. நனைந்து, சூடு தீர்ந்து, இரட்டைப் பாறை இடுக்கில் வெடவெடவென்று நின்றான். வீட்டுப் பாறை எங்கோ இருந்தது. மழை விட்டு வெயில் வந்தபோது பாதையோரக் கல்லில் ஆமை படுத்திருந்தாள். உடும்புக்குக் கேட்க வாய் வரவில்லை.

ஆமை அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நகர்ந்து பாதிக் கல்லை ஒழித்துக் கொடுத்தாள்.

"ஏறிக்கோங்க அண்ணே. இது யார் வீட்டுப் பாறையும் இல்ல."

தெருவோரத்தில் மின்வண்டிக்குச் சார்ஜ் ஏற்ற இடம் விடலாமா என்று யோசிக்கிற ஊரானாலும் சரி, கல்லும் வெயிலும் கேட்கப்பட்ட காடானாலும் சரி, சொந்த வாசலில் வசதி உள்ளவன் மட்டும் கடைசிவரை போய்ச் சேருகிற பாதை பொதுப்பாதை ஆகாது. அதை எல்லாருக்குமான பாதையாக்க, நின்றுபோனவர்கள்தான் கழுத்தை நீட்டிக் கேட்க வேண்டும்.