பவளக்கூடத்துக்குப் பொன்னரளி உடுத்திப் போன சேலை

வெகு காலத்துக்கு முன்னால், கடல் நீர் உப்புக் கரிக்கத் தொடங்கிக் கொஞ்ச நாளே ஆகியிருந்த சமயத்தில், நீலவேணி என்றொரு கப்பல் இருந்தது. ஒரு ஊரே அதில் மிதந்தது என்று சொல்லலாம். ஆதிரைநாச்சி என்ற அரசி அந்தக் கப்பலிலேயே வாழ்ந்து, அதிலிருந்தே தன் ஏழு தீவுகளையும் ஆண்டாள்.

கப்பலில் மூன்று உணவுக்கூடங்கள். கீழ்க்கூடத்துக்கு ஈரக் கையும் அழுக்கு வேட்டியுமாகப் போகலாம். நடுக்கூடத்துக்குக் குளித்துத் தலைவாரிப் போக வேண்டும். மேல்தளத்தில் இருந்தது பவளக்கூடம். பவளத் தூண், முத்து விளக்கு, வெள்ளித் தட்டு. அங்கே அரசி வாரம் ஒருமுறை கப்பலில் உழைப்பவர்களை அழைத்து, தன் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிடுவாள். அழைப்பு வந்தவர்கள் இருப்பதில் நல்ல உடையை எடுத்து உடுத்திக்கொண்டு போவார்கள்.

ஒரு தீவில் கப்பல் நின்றபோது வர்ணமாலி என்பவன் பெரிய பெட்டியோடு ஏறினான். உடைகளை இரவல் கொடுப்பவன் என்று சொல்லிக்கொண்டான். உண்மையில் அவன் ஒரு மாயாவி. பவளக்கூடத்துக்குப் போகிறவர்களை ஏணிப்படியில் நிறுத்தி, மேலும் கீழும் பார்த்து, மெல்லக் கேட்பான்.

"இந்த உடையிலா?"

அவ்வளவுதான். கேட்டவர்களுக்கு உடம்பு கூசிப்போகும். உடனே பெட்டியைத் திறந்து மினுமினுக்கும் அங்கி ஒன்றைப் போர்த்திவிடுவான். அரசியையே அப்படித்தான் பிடித்தான். அங்கி போட்டுக்கொண்டு உள்ளே போனவர் யாரும் திரும்பி வரவில்லை. அதன் பிறகு அரசியின் பேரில் அவனே அழைப்பு அனுப்பினான்; போனவர்கள் விருந்தில் தங்கிவிட்டார்கள் என்றே மற்றவர்கள் நினைத்தார்கள்.

அந்தக் கப்பலின் பாய்களைத் தைப்பவள் பொன்னரளி. அவள் கணவன் நெய்தலன் சுக்கான் பிடிக்கும் மாலுமி. ஒரு நாள் நெய்தலனுக்கு அழைப்பு வந்தது. பொன்னரளி வெள்ளை வேட்டியும் நீலத் துண்டும் எடுத்துக் கொடுத்தாள். அவன் உடுத்திக்கொண்டு நின்றபோது அவளுக்குக் கண் நிறைந்தது.

"நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டான் நெய்தலன்.

"நீங்கள் போய் உட்கார்ந்தால் அந்தக் கூடத்துக்கு அழகு" என்றாள்.

ஆனால் ஏணிப்படியில் வர்ணமாலி நின்றான். "இந்த உடையிலா?" என்றான். நெய்தலனும் தலை குனிந்தான். தங்க அங்கியைப் போட்டுக்கொண்டு உள்ளே போனான்.

அவன் திரும்பவில்லை. சுக்கான் பிடிக்க ஆளில்லாமல் கப்பல் ஒரே பாறையைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு நாள் சுற்றியது, இரண்டு நாள் சுற்றியது. மூன்றாம் நாள் பாறை கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. இன்னும் ஒரு சுற்று வந்தால் அடிப்பலகை உடைந்துவிடும்.

பொன்னரளி எழுந்தாள். தன் கையால் அவுரிச் சாயம் தோய்த்த நீலச் சேலையை உடுத்தினாள். அதன் முந்தானை ஒரு புயலில் கிழிந்தபோது பாய்த்துணியில் ஒட்டுப்போட்டு, ஒட்டின்மேல் அலை அலையாகத் தையல் போட்டிருந்தாள். ஊசியை இடுப்பில் செருகிக்கொண்டு படியேறினாள்.

முதல் தளத்தில் வர்ணமாலி நின்றான்.

"இந்த உடையிலா? இதோ, வெள்ளி அங்கி."

"என் உடையில் வருவேன், என் பேரோடு போவேன்" என்று சொல்லிவிட்டு ஏறினாள்.

இரண்டாம் தளத்திலும் அவனே நின்றான்.

"இந்த உடையிலா? ஒட்டுப்போட்ட சேலையைப் பார்த்தால் உன் புருஷனுக்கு அவமானம். இதோ, தங்க அங்கி."

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் நிற்கவில்லை. "என் உடையில் வருவேன், என் பேரோடு போவேன்."

மூன்றாம் தளத்தில் அவன் வானவில்லையே மடித்து வைத்தது போல ஓர் அங்கியை விரித்துப் பிடித்தான். அப்படி ஒரு துணியை அவள் பார்த்ததே இல்லை. தைப்பவள் அல்லவா, தொட்டுப் பார்க்கக் கை நீண்டது.

"இதை யார் தைத்தது?" என்று கேட்டாள்.

வர்ணமாலி அதைச் சொல்லாமல் அங்கியை அவள் தோளருகே நீட்டினான்.

"தைத்தவர் பேர் தெரியாத துணி எனக்கு வேண்டாம். என் உடையில் வருவேன், என் பேரோடு போவேன்."

கூடத்துக் கதவருகே ஒரு பித்தளைக் கொக்கு காவல் நின்றது. அது பேசும்.

"நில். பலகையைப் படி" என்றது கொக்கு.

கதவின் மேல் பலகையில் எழுதியிருந்தது: பொன்னுடையில் வருக.

"பொன்னுடை இல்லை என்றால் கதவு திறக்காது. நான் பித்தளை, எழுதியிருப்பதைத்தான் படிப்பேன்" என்ற கொக்கு குரலைத் தாழ்த்தியது. "ஆனால் அவன் அங்கியை மட்டும் போட்டுவிடாதே. உள்ளே தொண்ணூற்றொன்பது பேர் தங்கள் பேரை மறந்து உட்கார்ந்திருக்கிறார்கள். நூறாவது ஆள் விழுந்தால் கப்பல் என்றைக்கும் அவனுடையது."

பொன்னரளி பலகையை உற்றுப் பார்த்தாள். முதல் எழுத்து மட்டும் வேறு மாதிரி பளபளத்தது. எக்கி நின்று ஊசியால் சுரண்டினாள். மஞ்சள் மெழுகு உதிர்ந்தது. அடியில் பழைய எழுத்து தெரிந்தது. இப்போது பலகை சொன்னது: தன்னுடையில் வருக.

கொக்கு ஒருமுறைக்கு இருமுறை படித்தது. பிறகு அவள் சேலையைப் பார்த்தது.

"உன்னுடையதா?"

"சாயம் என்னுடையது. தையல் என்னுடையது. ஒட்டும் என்னுடையது."

கதவு தானாகத் திறந்தது.

உள்ளே தொண்ணூற்றொன்பது பேரும் பொம்மைபோல உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் சோறு ஆறிக் கிடந்தது. அரசியின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றிருந்தது. பொன்னரளி ஓடிப்போய் நெய்தலனின் தோளைத் தொட்டாள்.

அவன் மெல்லத் திரும்பினான். "யார் நீ? இந்த உடையிலா வந்தாய்?" என்றான்.

அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து வந்ததும் அவள் கண் கலங்கியது. அழுவதற்கு நேரமில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் அங்கியைப் புரட்டினாள். அங்கியின் ஓரத்தில் முடிச்சே இல்லாத, இழுத்தால் உருவி வரும் ஓட்டுத்தையல். ஒரே நூல். அது அவன் அங்கியிலிருந்து அரசியின் அங்கிக்குப் போய், அங்கிருந்து அடுத்தவர் அங்கிக்குப் போய், தொண்ணூற்றொன்பது அங்கிகளையும் கோத்திருந்தது.

நூல் நுனியை உள்ளங்கையில் சுற்றி இழுத்தாள்.

"விடு. இழுத்தால் உன் நினைவும் போய்விடும்" என்று வாசலிலிருந்து கத்தினான் வர்ணமாலி.

அவன் சொன்னது பொய்யில்லை. ஒரு இழுப்பு இழுத்தாள், பிறந்த ஊரின் பேர் மறந்தது. இரண்டாவது இழுப்பில் கப்பலின் பேர் மறந்தது. மூன்றாவது இழுப்பில் தன் பேரே நழுவியது. நூல் கையை அறுத்து ரத்தம் வழிந்தது. எதற்காக இழுக்கிறோம் என்பதே தெரியாமல் நின்றவள், தலை குனிந்து தன் முந்தானையைப் பார்த்தாள்.

'இந்த ஒட்டு நான் போட்டது. புயல் அடித்த மறுநாள் போட்டது. அலைபோல வரட்டும் என்று நான்தான் போட்டேன். நான், பொன்னரளி.'

பேர் வந்ததும் பலம் வந்தது. பாய்க்கயிற்றை இழுப்பதுபோலக் காலை ஊன்றி ஒரே இழுப்பாக இழுத்தாள். நூல் மொத்தமும் உருவிக்கொண்டு வந்தது. தொண்ணூற்றொன்பது அங்கிகளும் நுரைபோலக் கரைந்தன. உள்ளே அவரவர் வேட்டி, அவரவர் சேலை, சமையற்காரரின் மஞ்சள் கறைத் துண்டு, அரசியின் பழைய நூல் புடவை.

வர்ணமாலியின் அங்கியும் கரைந்தது. அவனுக்கென்று அடியில் ஒரு முழத் துணிகூட இல்லை. அவன் உருவம் சுருங்கிச் சுருங்கி, பிறர் கழித்த சங்குக்குள் ஒண்டிக்கொள்ளும் சின்ன நண்டாகிவிட்டது. பொன்னரளிக்குப் பாவமாக இருந்தது. மேசை அலங்காரத்துக்கு வைத்திருந்த வெறும் சங்கொன்றை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். நண்டு அதற்குள் புகுந்துகொண்டு கடலில் விழுந்து போயே போய்விட்டது.

நெய்தலன் பாறையைப் பார்த்ததும் பாய்ந்து ஓடிச் சுக்கானைப் பிடித்தான். கப்பல் ஒரு சாண் இடைவெளியில் விலகித் திரும்பியது. திரும்பி வந்தவன் மனைவியின் அறுபட்ட கையைத் தன் நீலத் துண்டால் சுற்றிக் கட்டினான்.

"உன்னைப் பார்த்து நான் என்ன கேட்டேன்?"

"அந்த அங்கி கேட்டது. நீங்கள் கேட்கவில்லை."

அரசி எழுந்து வந்தாள். சூடாகச் சோறு கொண்டுவரச் சொல்லி, தன் இருக்கையில் பொன்னரளியை உட்காரவைத்து, தன் கையாலேயே பரிமாறினாள். பாதிச் சாப்பாட்டில், "சேலையில் ரத்தக் கறை படிந்துவிட்டதே. என் பட்டு ஒன்றைத் தரட்டுமா, அம்மா?" என்று கேட்டாள்.

"வேண்டாம் நாச்சியாரே. இதுவும் என் கைக்கறைதான், இருக்கட்டும்" என்றாள் பொன்னரளி.

அரசி சிரித்தாள். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டாள். அன்று முதல் கப்பலின் பாய்கள் அனைத்துக்கும் அவளே அதிகாரி, பவளக்கூடத்தில் அரசியின் வலப்பக்கத்து இருக்கை அவளுக்கே என்று அத்தனை பேர் முன்னிலையிலும் சொன்னாள்.

ஏழாம் நாள் கப்பல் கரை தொட்டது. முதலில் இறங்கியவள் பொன்னரளி. அந்த நீலச் சேலை, அந்த ஒட்டு, அந்தக் கறை. துறைமுகமே நின்று பார்த்தது. அவள் முந்தானையை இழுத்து மறைக்கவில்லை, காற்றில் நன்றாக விரித்துவிட்டு நடந்தாள்.

அவள் வாழ்ந்தாள், அவளோடு அந்தக் கப்பலும் வாழ்ந்தது. கேட்ட நீங்களும் நன்றாக வாழுங்கள்.